ஒரே வசனம், மூன்று நீல அட்டைகள்: ஓர் இறையியல் கல்லூரி நூலகத்தின் நிகழ்வு ஆய்வு

ஓர் ஆய்வேட்டின் ஒற்றை அடிக்குறிப்பில் தொடங்கி, நூலகத்தின் கேட்டலாக் வரை போய் முடிந்த விஷயம் இது. நான் அந்த நூலகத்தின் பொறுப்பில் இருப்பவள். தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கல்லூரியின் பெயரும் இதில் இல்லை. மாணவரின் சம்மதம் வாங்கியாயிற்று. அவர் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார்.

பின்னணி

எங்கள் நூலகம் நடுத்தர அளவு. அச்சு நூல்கள் டூயி பகுப்பு முறையில், அதாவது பொருளுக்கு ஓர் எண் என்ற வரிசையில், அடுக்கப்பட்டவை. வேதாகமமும் அதன் விளக்க நூல்களும் 220 முதல் 229 வரை. மின் வளங்கள் என்று பார்த்தால், சமய ஆய்விதழ்களுக்கான ஒரு சந்தா தரவுத்தளம், ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியம், அப்புறம் இலவச மின்னூல்களுக்கு நாங்களே தொகுத்த ஓர் இணைப்புப் பட்டியல். சந்தா தளங்கள் வளாக இணையத்தில் தானாகத் திறக்கும். வெளியிலிருந்து திறக்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கு ஒரு படிவம் நிரப்பிக் கடவுச்சொல் வாங்க வேண்டும். அந்தப் படிவக் கட்டு பெரும்பாலும் என் மேசை இழுப்பறையிலேயே தூங்கும்.

மாணவர் இறுதி ஆண்டு. வார நாட்களில் வகுப்பு, சனி ஞாயிறு வெளியூர்ச் சபை ஒன்றில் பயிற்சி ஊழியம். ஆய்வேட்டின் பெரும்பகுதியைச் சனிக்கிழமை இரவுகளில், கைப்பேசியை ஒரு குவளைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதினார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. கிரேக்கத்தில் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவர்.

தலைப்பு யூதா நிருபம், புதிய ஏற்பாட்டில் உள்ள ஒரு சிறு கடிதம். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். நூலகத்தில் இதைத் தேடுவதே தனிப் பாடு. கேட்டலாகில் 'யூதா' என்று தட்டினால் யூதாவின் ராஜாக்கள், யூதா கோத்திரம் எல்லாம் வந்து நிற்கும். நிருபத்துக்கான பகுப்பு எண் 227.97. ஆனால் யூதாவுக்கு மட்டும் தனி விளக்க நூல் எழுதுகிறவர்கள் குறைவு. 2 பேதுருவோடு சேர்த்தே எழுதுவார்கள், அது பேதுருவின் எண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். 227.97-இல் கைவிட்டால் மெலிந்த நூல்கள் சில கிடைக்கும், நல்லவை நாலு அங்குலம் இடப்பக்கம் இருக்கும். இதை யாரும் மாணவரிடம் சொல்லவில்லை. அவர் அலமாரியைவிடக் கைப்பேசியை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வேட்டில் இருந்தது

ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் 5-ஆம் வசனத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது. எகிப்திலிருந்து ஜனத்தை மீட்டு, பின்பு விசுவாசியாதவர்களை அழித்தவர் யார் என்பதே கேள்வி. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'கர்த்தர்'. கிரேக்கத்தில் 'கூரியோஸ்'. 4-ஆம் வசனத்தில் இயேசு கிறிஸ்துவைக் கர்த்தர் என்று பெயர் சொல்லி அழைத்த யூதா, அடுத்த வசனத்தில் வெறுமனே 'கர்த்தர்' என்று நிறுத்திக்கொள்வது தெரிந்தே செய்த தேர்வு என்பது மாணவரின் வாதம். பத்துப் பதினைந்து பக்கம் அழகாகவே எழுதியிருந்தார். கிரேக்க வாக்கியத்துக்குக் கீழே அடிக்குறிப்பு: நெஸ்லே-ஆலண்ட் கிரேக்கப் புதிய ஏற்பாடு, 28-ஆம் பதிப்பு, 2012.

நெறியாளர் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். ஒப்படைக்க ஆறு வாரம் இருந்தது.

பிரச்சினை இதுதான். நெஸ்லே-ஆலண்ட் என்பது பழைய கையெழுத்துச் சுவடிகளை ஒப்பிட்டு, கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் மூல வாசகம் எது என்று அறிஞர்கள் முடிவு செய்து வெளியிடும் பதிப்பு. 1898-இல் தொடங்கியது. ஒவ்வொரு பதிப்பிலும் திருத்தம் உண்டு. 28-ஆம் பதிப்பில் யாக்கோபு முதல் யூதா வரையுள்ள பொது நிருபங்களின் மூல வாசகத்தை முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மாற்றினார்கள். அவற்றில் மிக அதிகம் பேசப்பட்டது யூதா 5. அதுவரை 'கூரியோஸ்' இருந்த இடத்தில் 28-ஆம் பதிப்பு 'இயேசூஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது எகிப்திலிருந்து ஜனத்தை மீட்டவர் 'இயேசு'. மாணவர் எந்தப் பதிப்பைச் சான்றாகக் காட்டினாரோ அந்தப் பதிப்பில் அவர் சொன்ன சொல்லே இல்லை. இருப்பது அவருடைய வாதத்தைத் தலைகீழாக்கும் சொல்.

நெறியாளர் நேராகவே கேட்டார்: "பார்க்காத புத்தகத்தைப் பார்த்ததாகப் போட்டிருக்கிறாரா?" அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மாணவர் ரெஃபரன்ஸ் அறையில் ஒரு நீல அட்டைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்த ஞாபகம். அதைச் சொன்னேன். ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகுமுன் என்ன நடந்தது என்று தடம் பிடித்துப் பார்க்க ஒரு நாள் கேட்டேன், கொடுத்தார்.

தடம் பிடித்தது

மறுநாள் மாணவரை அழைத்தேன். விளக்கம் கேட்கவில்லை. "எதுவும் சொல்ல வேண்டாம் தம்பி. அன்னைக்கு எப்படித் தேடினீங்களோ, அதே வரிசையில செஞ்சு காட்டுங்க" என்றேன். நூலக வேலையில் இத்தனை வருடத்தில் நான் கற்ற ஒரே தந்திரம் இது. 'எங்கே பார்த்தீர்கள்' என்று கேட்டால் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்வார்கள். செய்துகாட்டச் சொன்னால் நடந்தது வெளியே வரும்.

முதலில் கைப்பேசிச் செயலி. யூதா 5-ஐத் திறந்து கிரேக்க வரியில் ஒரு சொல்லைத் தொட்டார். 2962 என்ற எண் வந்தது. வேதாகமத்தின் ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்து 1890-இல் வெளியான ஸ்ட்ராங் சொல்லடைவில் 'கூரியோஸ்' என்பதற்கான எண் அது. 'இயேசூஸ்' என்றால் 2424 வந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லடைவு 1611-ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை ஒட்டிச் செய்யப்பட்டது. ஆகவே அந்த எண்களைச் சுமக்கும் இலவச கிரேக்க வாசகம் அநேகமாக எரஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இல் அச்சிட்டதன் வழிவந்த பழைய வாசகமாகவே இருக்கும். 'டெக்ஸ்டஸ் ரெசெப்டஸ்' என்பார்கள். செயலியில் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கிறதா என்று இருவருமாகத் தேடினோம். மேலே மூன்று கோடு, அதற்குள் அமைப்புகள், அதற்குள் 'இந்தச் செயலியைப் பற்றி', அதற்கும் கீழே சாம்பல் நிறச் சிறு எழுத்தில் ஒரு வரி. நாலு முறை தொட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. அச்சுப் புத்தகமாக இருந்தால் அந்த வரி தலைப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும்.

இலவசமாகக் கிடைப்பவை பழையவையாக இருப்பது தற்செயல் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி பழைய நூல்களின் காப்புரிமை, அவை வெளியாகி 95 ஆண்டு வரை நீடிக்கலாம்; அது முடிந்தால்தான் பொதுவுடைமையாகின்றன. அதனால் இணையத்தில் தடையின்றிக் கிடைக்கும் விளக்க நூல்களும் கிரேக்கப் பதிப்புகளும் பெரும்பாலும் நம் தாத்தாக்கள் காலத்துச் சரக்கு. தரம் குறைந்தவை என்று சொல்ல மாட்டேன், சில இன்றைக்கும் ஈடில்லாதவை. ஆனால் 2012-இல் என்ன மாறியது என்று 1890-க்குத் தெரியாது.

இரண்டாவதாக, தரவுத்தளத்தில் ஒரு கட்டுரையைத் திறந்து காட்டினார். யூதா நிருபத்தின் வேறொரு வசனத்தைப் பற்றியது. அதன் முதல் அடிக்குறிப்பில் 28-ஆம் பதிப்பு இருந்தது. 'கிரேக்க மூலத்துக்கு எல்லோரும் போடுவது இதுதான் போலிருக்கிறது' என்று நினைத்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். இங்கே தவறு மாணவருடையது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இது பொய் சொல்லும் எண்ணத்தில் செய்தது இல்லை, வழக்கமான கடிதத் தலைப்பைக் காப்பி செய்வது போல எடுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாவது படிதான் என்னை உட்காரவைத்தது. "சரிபார்க்கலாம்னு நூலகத்துக்கும் வந்தேன் மேடம்" என்றார். வந்திருக்கிறார். கேட்டலாகில் பார்த்திருக்கிறார்: நெஸ்லே-ஆலண்ட் கிரேக்கப் புதிய ஏற்பாடு, பிரதிகள் 3, இருப்பில் 2. உதவியாளரிடம் கேட்டிருக்கிறார், அவர் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். திறந்தால் 'கூரியோஸ்'. மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். "ஆப்பிலயும் அதான் இருக்கு, புத்தகத்துலயும் அதான் இருக்கு. அப்புறம் எப்படித் தப்பாகும்?"

அலமாரிக்குப் போனேன். நீல அட்டையில் இரண்டு புத்தகங்கள். ஒன்று 1979-இல் வந்த 26-ஆம் பதிப்பு. மற்றது 1993-இல் வந்த 27-ஆம் பதிப்பு. இரண்டுக்கும் வாசகம் ஒன்றுதான், சுவடிக்குச் சுவடி சொல் மாறும் இடங்களைக் காட்டும் பாடபேதக் குறிப்புகளில்தான் வித்தியாசம். இரண்டிலும் யூதா 5-இல் 'கூரியோஸ்'. 28-ஆம் பதிப்பு எங்கே? இரவல் ஏட்டைப் புரட்டினேன். ஓர் ஆசிரியரின் அறையில், பருவத்தின் முதல் வாரத்திலிருந்து. கையொப்பம் என்னுடையது.

மூன்று பதிப்புகளும் கேட்டலாகில் எப்படி 'மூன்று பிரதிகள்' ஆயின? அட்டைப் பட்டியலிலிருந்து கணினிக்கு மாற்றியபோது 27-ஆம் பதிப்பை 26-இன் கீழ் இரண்டாம் பிரதியாகச் சேர்த்திருக்கிறார்கள். 28 வாங்கியபோது அதே பதிவின் கீழ் மூன்றாம் பிரதியாகச் சேர்த்தது நான்தான். தலைப்பு ஒன்று, பதிப்பாளர் ஒன்று, அட்டை நிறம்கூட ஒன்று. பத்து நிமிடம் மிச்சம் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும்.

எடுத்த முடிவுகள்

நெறியாளரிடம் இதையெல்லாம் அப்படியே சொன்னேன். ஒழுங்கு நடவடிக்கை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பார்க்காத நூலை மேற்கோள் காட்டிய அந்த ஒரு வரிக்காக மாணவர் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும் என்றார். அது சரி என்றே எனக்கும் பட்டது.

இயலை என்ன செய்வது? எளிய வழி ஒன்று இருந்தது. அடிக்குறிப்பை மட்டும் திருத்தி, பழைய வாசகத்தின் பெயரைப் போட்டுவிடலாம். நேர்மையாகவும் இருக்கும், ஒரு மணி நேர வேலை. ஆனால் 'யூதா இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்' என்று வாதாடிவிட்டு, அவர் எழுதிய சொல் எது என்பதே சர்ச்சையில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது வீட்டுக்கு அஸ்திவாரம் இல்லை என்று தெரிந்தும் வெள்ளையடிப்பது போல. மாணவரே அதை மறுத்துவிட்டார். பாடபேதத்தையே இயலின் பொருளாக்கி மறுபடி எழுதுவது என்று முடிவாயிற்று. நீளம் கூடக் கூடாது, மற்ற இயல்களைத் தொடக் கூடாது என்று நெறியாளர் எல்லை போட்டார். ஆறு வாரத்தில் அதற்குமேல் ஆசைப்பட்டிருந்தால் ஒன்றும் முடிந்திருக்காது.

என் பங்குக்கும் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். எந்தப் பதிப்பு, எந்தச் சுவடி, எங்கே பார்ப்பது என்பது வரை என் வேலை. எந்த வாசகம் சரி என்பதில் வாய் திறப்பதில்லை. எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதை இங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: இனி ஆய்வேடுகளில் அச்சு நூல்களை மட்டுமே மேற்கோள் காட்ட வேண்டும். நான் எதிர்த்தேன். இந்த மாணவர் அச்சு நூலையும்தான் திறந்தார். அச்சும் அதே தவறான உறுதியைத்தான் கொடுத்தது. தவறு நடந்தது திரையிலா தாளிலா என்பதைவிட, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று அவர் கேட்காமல் விட்டதும், கேட்க வைக்கும்படி நாங்கள் எதையும் செய்யாமல் இருந்ததும்தான் விஷயம். யோசனை கைவிடப்பட்டது, கொஞ்சம் முணுமுணுப்போடு.

சுவடிப் படங்களோடு ஒரு மதியம்

28-ஆம் பதிப்பை ஆசிரியர் அறையிலிருந்து மீட்டுவந்தேன். அதன் முன்னுரையில், பொது நிருபங்களில் 27-க்கும் 28-க்கும் இடையே எங்கெங்கே வாசகம் மாறியது என்று பட்டியலாகவே தந்திருக்கிறார்கள். மாணவர் அதைப் பார்த்துவிட்டுச் சில நொடி பேசவில்லை. 28-இன் வாசகத்தை ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் தளத்திலும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அங்கே வாசகம் மட்டும்தான். எந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பாடபேதக் குறிப்புகளுக்கு அச்சுப் பிரதிக்கோ கட்டண வடிவத்துக்கோதான் வர வேண்டும். ஆக அந்த மதியம் மேசையில் புத்தகமும் திரையும் ஒன்றாகவே திறந்திருந்தன. குறிப்பைப் புத்தகத்தில் படிப்பது, சுவடியைத் திரையில் பார்ப்பது.

நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாயிட்டிகஸ் சுவடியின் படங்கள் 2009 முதல் முழுமையாக இணையத்தில் இருக்கின்றன. அந்தத் தளம் ஒரு வரப்பிரசாதம். நூல், அதிகாரம், வசனம் என்று தேர்ந்தால் நேரே அந்தப் பத்திக்குப் போய்விடும், பக்கத்திலேயே எழுத்துப் பெயர்ப்பும் வரும். செய்தித்தாள் போலப் பக்கத்துக்கு நாலு நெடுக்குப் பத்தி. யூதா 5-இல் 'கூரியோஸ்'. முழுச் சொல்லாக இல்லை, முதலெழுத்தும் கடையெழுத்தும் மட்டும், மேலே ஒரு கோடு. தெய்வத்துக்குரிய பெயர்களை அப்படிச் சுருக்கி எழுதுவது அந்தக் காலப் பிரதியாளர்களின் வழக்கம்.

அடுத்தது வாட்டிகானஸ் சுவடி. அதுவும் நாலாம் நூற்றாண்டுதான். வாட்டிகன் நூலகத் தளத்தில் கிரேக்கச் சுவடி எண் 1209. படம் அருமை, ஆனால் வசனத்தைச் சொன்னால் கொண்டுபோய் விடும் வசதி இல்லை. ஏடு ஏடாகப் புரட்ட வேண்டும். யூதா வேதாகமத்தின் கடைசிக்கு முந்தியது என்ற பழக்கத்தில் மாணவர் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனார். அங்கே கூட்டெழுத்தில் வேறு கை. "மேடம், இது வேற ஆள் எழுதினது மாதிரி இருக்கே" என்றார். சரியாகக் கண்டுபிடித்தார். அந்தச் சுவடியின் பழைய பகுதி எபிரெயர் 9:14-ஓடு முறிந்துவிட்டது. மீதி 15-ஆம் நூற்றாண்டில் எழுதிச் சேர்த்தது. பொது நிருபங்களோ அப்போஸ்தலர் நடபடிகளுக்கு அடுத்து, ரோமருக்கு முன்னால் இருக்கின்றன. பின்னோக்கிப் புரட்டிப் புரட்டி, மூன்று பத்திப் பக்கங்களில் ஒன்றில் யூதாவைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அங்கே 'இயேசூஸ்'. அதுவும் சுருக்கெழுத்தில், மேலே கோட்டோடு. திரையில் இரண்டு சுவடிப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். 'கூரியோஸ்' சுருக்கத்துக்கும் 'இயேசூஸ்' சுருக்கத்துக்கும் கடையெழுத்து ஒன்றே. முதலெழுத்து மட்டும்தான் வேறு. ஒன்றில் கிளைபிரியும் எழுத்து, மற்றதில் ஒற்றை நெட்டுக்கோடு. ஒரு பிரதியாளரின் கண் எங்கே வழுக்கியிருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தானே பார்த்தார்.

பிறகு அவராகவே தொடர்ந்தார். அலெக்சாந்திரினஸ் சுவடியும், வல்காத்தா என்ற பழைய லத்தீன் மொழிபெயர்ப்பும் 'இயேசு' பக்கம். பாப்பிரஸ் 72 என்ற பழஞ்சுவடி இரண்டும் இல்லாமல் 'தேவன் கிறிஸ்து' என்கிறது. கிரேக்கத்தில், மோசேக்குப் பின் ஜனத்தை நடத்திய யோசுவாவுக்கும் இயேசுவுக்கும் பெயர் ஒன்றே, அதனால் இன்னொரு சிக்கல். ஆனால் எகிப்திலிருந்து அழைத்து வந்தவர் யோசுவா இல்லையே. 28-க்கு முந்தைய வாசகத்தை முடிவு செய்த குழுவின் விளக்க நூல் எங்கள் அலமாரியில் இருக்கிறது. 'இயேசு' என்ற வாசகத்துக்கு வலுவான சான்றிருந்தும், இடத்துக்குப் பொருந்தவில்லை என்று பெரும்பான்மையினர் ஒதுக்கினார்கள் என்றும், இருவர் அதை ஏற்காமல் தங்கள் பெயரின் முதலெழுத்துகளோடு மாற்றுக் குறிப்பு எழுதினார்கள் என்றும் அதில் இருக்கிறது. அந்தச் சதுர அடைப்புக்குள் இருந்த சின்னக் குறிப்பை மாணவர் மூன்று முறை படித்தார். இது மின் வடிவில் எங்கள் சந்தாவில் இல்லை.

கேட்டலாகைப் பிரித்தது

ஒரு பதிவை மூன்றாக உடைத்தோம். பதிப்பு எண்ணும் ஆண்டும் தலைப்பிலேயே தெரியும்படி வைத்தோம். 26, 27-ஆம் பதிப்புகளை எடுத்துவிடலாமா என்று உதவியாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய நூல்கள் அவற்றைத்தான் மேற்கோள் காட்டுகின்றன. எதைப் பார்த்து எழுதினார்கள் என்று சரிபார்க்க அவை வேண்டும். முன்னட்டையின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டினோம்: 'இது பழைய பதிப்பு. 28-ஐயும் பார்க்கவும்.' 28-ஆம் பதிப்பை இரவல் இல்லாத நூலாக்கினோம், ஆசிரியர்களுக்கும் சேர்த்து. அதற்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லத் தேவையில்லை.

ஆய்வேட்டு விதியில் ஒரு வரி சேர்ந்தது. முன்பக்கத்தில், மூல வாசகம் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, அச்சிலா மின்வடிவிலா, மின்வடிவென்றால் எந்த நாளில் பார்த்தது என்று எழுத வேண்டும். செயலிகளின் வாசகம் ஒரு புதுப்பிப்பில் சத்தமில்லாமல் மாறிவிடக்கூடியது என்பதால் நாள் முக்கியம்.

அப்புறம் நடந்தது

மாணவர் ஐந்தாம் வார இறுதியில் இயலை முடித்தார். பழைய வாதம் போய்விட்டது. அதற்குப் பதில், இரண்டு வாசகங்களில் எதை எடுத்தாலும் 4-ஆம் வசனத்தோடு என்ன உறவு வருகிறது என்று எழுதியிருந்தார். முன்பிருந்த ஓட்டம் இதில் இல்லை. சில இடங்களில் தட்டுத்தடுமாறியது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கைவைத்தது இந்த இயலில்தான். மாணவர் சுவடிப் படங்களை நினைவிலிருந்தே விவரித்தார். தேறினார். மதிப்பெண் சராசரிக்குச் சற்று மேல். முதல் வடிவமே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த உற்சாகத்தில் எல்லா மாணவருக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு நடத்தினேன். அறை நிறைந்தது. ஒரு மாதம் கழித்து வந்த இயல் வரைவுகளைப் பார்த்தால், பதிப்பு வரியில் 'இணையம்' என்று மட்டும் எழுதியவர்கள் இருந்தார்கள். பொதுவாகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் வரைவோடு இருபது நிமிடம் உட்கார வைத்து, அவர்கள் காட்டிய முதல் மேற்கோளை மட்டும் என் கண்முன் திறக்கச் சொல்கிறேன். நேரம் தின்னும் வேலை. ஆனால் அதில்தான் விஷயங்கள் வெளியே வருகின்றன. ஒருவர் தேடல் முடிவில் வந்த மூன்று வரித் துணுக்கை வைத்தே ஒரு நூல் முழுவதையும் மேற்கோள் காட்டியிருந்தார். இன்னொருவரின் பக்க எண் மின்னூலின் திரை எண். அச்சில் அப்படி ஒரு பக்கமே இல்லை.

வெளியிலிருந்து தரவுத்தளத்தைத் திறக்கும் படிவத்தை ஒழித்துவிட்டோம். சேர்க்கை நாளிலேயே கடவுச்சொல் கொடுத்துவிடுகிறோம். படிப்பு முடிந்ததும் அது செயலிழக்கும், அது சந்தா ஒப்பந்தத்தின் நிபந்தனை. நம் மாணவர் இப்போது ஒரு சபையில் இருக்கிறார். சந்தாத் தளம் இல்லை, அருகில் இறையியல் நூலகமும் இல்லை. 28-ஆம் பதிப்பைச் சொந்தமாக வாங்கிக்கொண்டார். பாடபேதக் குறிப்பில் சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார். தலைப்புப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்புகிறார்.

மறுபடி நேர்ந்தால்

ஆய்வேட்டின் முதல் இயல் எழுதும்போதே மாணவரும் நூலகரும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அது நடந்திருந்தால் இது ஆறு வார அவசரமாக ஆகியிருக்காது. நெறியாளரும் நானும் இதில் ஒத்துப்போகிறோம். இரவல் விஷயத்தில் இன்னும் மோதல் இருக்கிறது. 28-க்கு இரண்டாம் பிரதி கேட்டிருக்கிறேன். வந்தால் ஆசிரியர்களின் மனத்தாங்கல் தீரும்.

உதவியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 'நெஸ்லே-ஆலண்ட் வேண்டும்' என்று கேட்டவருக்கு நெஸ்லே-ஆலண்டைத்தான் கொடுத்தார். இப்போது 'எத்தனாவது பதிப்பு?' என்று திருப்பிக் கேட்கிறார். கேட்கப்பட்டவர்களில் பாதிப்பேர் முழிக்கிறார்கள்; அந்த முழிப்புதான் நாங்கள் எதிர்பார்த்தது.

ஒட்டிய சீட்டுகளில் ஒன்று ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. தவிர, இதே குழப்பம் பழைய ஏற்பாட்டுப் பகுதியிலும் இருக்கிறது. எபிரேய வேதாகமத்தின் ஸ்டுட்கார்ட் பதிப்பு ஒன்று, 2004 முதல் நூல் நூலாக வந்துகொண்டிருக்கும் அதன் அடுத்த பதிப்பின் பகுதிகள் சில. எல்லாம் கேட்டலாகில் ஒரே பதிவின் கீழ், 'பிரதிகள்' என்றுதான் கிடக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு அதைப் பிரிக்கும் வேலையை எடுத்து வைத்திருக்கிறேன்.